தொட்டாலே கும்பிடு போடுற அம்பாசிடர்

பழைய வண்டி வெச்சிருக்கறவங்க எல்லாம் பிரேக் புடிக்கலன்னு பொலம்புவாங்க, எனக்கு புடிக்கறதுதாங்க பிரச்சனையே. அப்பா விட்டுட்டுப் போன 84 மாடல் அம்பாசிடர், நாலு வீலும் டிரம் பிரேக், அதாவது வீலோட சுத்துற டிரம்முக்குள்ள ஷூன்னு ரெண்டு வளைஞ்ச கட்டை விரிஞ்சு உரசி நிறுத்தற ரகம். போன மாசம் முன்னாடி ரெண்டு வீலுக்கும் புது ஷூ மாட்டுனேன், அன்னைலருந்து பெடல்ல கால் வைக்கலாமான்னு நெனச்சாலே வண்டி மூக்கைக் குத்திட்டு நிக்குது, கூடவே இடது பக்கம் ஒரு இழுப்பு.

கோயமுத்தூர் லட்சுமி மில்ஸ் சிக்னல். முன்னாடி பெஞ்சு சீட்டுல அத்தை, மடியில ரசத் தூக்கு. மஞ்சள் விழுந்துச்சேன்னு லேசாத்தான் தொட்டேன். அத்தை டேஷ்போர்டுக்கு ஒரு கும்பிடு போட்டு நிமிர்ந்தாங்க, தூக்கு மூடி என் கால்ல உருளுது, ஹாரன் மேல ஒத்தை கறிவேப்பிலை ஒட்டியிருக்கு. "ஏஞ்சாமி, நாயி கீயி குறுக்க வந்துருச்சா?"ன்னாங்க. ஆமாங்கத்தைன்னு சொல்லிட்டேன். வராத நாய்க்கு அத்தை வீடு வரைக்கும் உச்சு கொட்டிட்டு வந்தாங்க.

சித்தப்பா ராத்திரி ஈரத்துல டிரம்முக்குள்ள லேசா துரு ஏறியிருக்கும், காத்தால நாலு மிதி மிதிச்சா சரியாயிரும்னாரு. அது நெசந்தான், ஆனா என் வண்டி மத்தியானம் ரெண்டு மணிக்கும் இதையேதான பண்ணுது. சரின்னு நானே ஸ்பேனரை எடுத்து ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி வெக்கற அட்ஜஸ்டரை லூஸ் பண்ணுனேன், இப்ப பெடல் பாதி வரைக்கும் சும்மா போயி அப்புறம் மொத்தமா புடிச்சுது. முன்னயாவது எப்ப புடிக்கும்னு தெரிஞ்சுது.

கடைசில உக்கடம் பக்கம் ஒரு வயசான மெக்கானிக். "பிரேக் ஓவரா புடிக்குதுங்க பாய்"னேன். கண்ணாடியைத் தூக்கி ஒரு பார்வை பாத்தாரு, இப்படி ஒரு கம்ப்ளைண்டோட வந்த மொத ஆளு நான்தானாம்.

இடது டிரம்மைக் கழட்டுனதும் நான் வாயால ஊதப் போனேன், கையைத் தட்டி விட்டாரு. ஷூ மேல இருக்கற பழைய லைனிங் தூசில ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் தம்பி, ஈரத்துணியில தொடைன்னாரு. ஷூவைத் தள்ளி விடற வீல் சிலிண்டரோட ரப்பர்ல பிரேக் ஆயில் கசிஞ்சு ஒரு ஷூவோட ஓரம் நனைஞ்சிருக்கு. ஆயில் பட்டா வழுக்கத்தான செய்யும்னேன். லேசா நனைஞ்சா பசை மாதிரி கவ்வும்னாரு, இழுப்புக்கு அதான் காரணம். சிலிண்டருக்கு புது ரப்பர் கிட்டு, ரெண்டு பக்கமும் மறுபடி புது ஷூ.

மாட்றதுக்கு முன்னாடி டிரம் உள்ள சாக்பீஸைத் தேச்சு, ஷூவை வெச்சு அழுத்தி எடுத்துக் காட்டுனாரு. நடுவுல ஒரு பொட்டு வெள்ளை கூட இல்ல, ரெண்டு நுனியில மட்டும் விபூதி மாதிரி. அதாவது ஷூவோட வளைவு டிரம்மோட வளைவுக்கு ஒத்துப் போகல, நுனிதான் மொதல்ல போயி கடிக்குது. அம்பாசிடர்ல வண்டி முன்னாடி போறப்ப முன் வீல் ஷூ ரெண்டுமே டிரம் சுத்துற வேகத்துலயே தானா டிரம்மோட இறுகற மாதிரி அமைப்பு, அதனால நுனி கடிச்சா அவ்வளவுதான், நாம மிதிக்கவே வேண்டாம், அதுவே மிதிச்சுக்கும். அரத்தை எடுத்து ராவி ராவி, மறுபடி சாக்பீஸ், மறுபடி ராவல், நுனியைச் சரிவா சீவி விட்டு, ஒவ்வொரு ஷூவுக்கும் ஒரு டீ ஆச்சு. அப்புறம் பிரேக் ஆயில்ல மாட்டுன காத்தை வெளிய எடுத்து, அட்ஜஸ்டரை வீல் இறுகற வரைக்கும் திருப்பி ஒரு கிளிக் பின்னாடி விட்டாரு. கெளம்பறப்ப, "ரிவர்ஸ்ல ஷூ அப்படி தானா இறுகாது தம்பி, பாத்து அழுத்தி மிதிங்க"ன்னாரு. பில்லைப் பாத்த அதிர்ச்சில அது காதுல ஏறல.

அதே சிக்னல், வெண்ணெய் மாதிரி நின்னுச்சு. அத்தை மட்டும் பழக்கதோஷத்துல ரெண்டு காலையும் ஊனி, கண்ணை மூடி முருகான்னாங்க. பாருங்கத்தை, ஆடலையேன்னு பெருமை பீத்திட்டு, அவங்க வீட்டுச் சரிவுல ரிவர்ஸ் எடுத்தேன். பஞ்சு மாதிரி தொட்டேன்.

துளசித் தொட்டி ரெண்டா போச்சுங்க.

அத்தை மெதுவா எறங்கி மண்ணைப் பாத்தாங்க, என்னையப் பாத்தாங்க. "ஏஞ்சாமி, அந்த நாயி இங்கியும் வந்துருச்சா?"