பிரீமியரா, ரிசால்வா, ஆவிடா: பிக்சர் லாக்குக்குப் பிறகு என்ன ஆகிறது என்று பாருங்கள்

எந்த எடிட்டிங் மென்பொருள் நல்லது என்று யாராவது கேட்டால், பதிலுக்கு முன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: பிக்சர் லாக் ஆன பிறகு, அதாவது எடிட் இனி மாறாது என்று முடிவான பிறகு, அந்த டைம்லைன் யார் கைக்குப் போகிறது? பிரீமியர், ஆவிட், ஃபைனல் கட், ரிசால்வ் நான்கிலும் நன்றாக வெட்டலாம். ஜே கட், எல் கட், ட்ரிம், மல்டிகேம் எல்லாம் எல்லாவற்றிலும் இருக்கின்றன. கை பழகிவிட்டால் வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. வண்ணம் சீர்செய்யும் கலரிஸ்ட் அந்தப் படத்தைத் திறக்கும் நாளில்தான் வித்தியாசம் தெரியும். நம் ஊர் சினிமாவில் எடிட் ஓரிடத்திலும் டி.ஐ. எனும் வண்ணச் சீரமைப்பு வேறோர் இடத்திலும் நடப்பது சகஜம் என்பதால் இந்தக் கேள்விக்கு இன்னும் கனம் கூடுகிறது.

முதலில் வண்ணம். 2015இல் பிரீமியருக்குள் வந்த லுமெட்ரி பேனல் மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் வேலை செய்கிறது: பேசிக் கரெக்‌ஷன், கிரியேட்டிவ், கர்வ்ஸ், கலர் வீல், எச்எஸ்எல் செகண்டரி, விக்னெட். நீங்கள் எதை முதலில் தொட்டாலும் கணக்கு இந்த வரிசையில்தான் நடக்கும். இதைக் கவனிக்காததால் அடிக்கடி நேரும் தவறு ஒன்று உண்டு. லாக்கில் (கேமராவின் வெளிறிய, தட்டையான பதிவு முறை, பிக்சர் லாக் அல்ல) எடுத்த ஷாட்டுக்கு ரெக்.709 லட்டை (டிவி நிறத்துக்கு மாற்றும் அட்டவணையை) பேசிக் பகுதியின் இன்புட் லட் இடத்தில் போட்டுவிடுகிறார்கள். அங்கே போட்டால் எக்ஸ்போஷருக்கும் முன்பே லட் ஓடிவிடும். ஜன்னல் வெளிச்சத்தில் லட் நறுக்கிவிட்ட விவரம், அதன்பின் ஹைலைட்டை எவ்வளவு இறக்கினாலும் திரும்ப வராது. வெள்ளை சாம்பலாகும், அவ்வளவுதான். அதே லட்டை கிரியேட்டிவ் பகுதியின் லுக் இடத்தில் போட்டால் பேசிக் திருத்தங்கள் அதற்கு முன்னால் நடந்து ஜன்னல் பிழைத்துக்கொள்ளும். இல்லையென்றால் இரண்டு லுமெட்ரி எஃபெக்ட் போடுங்கள்: முதலாவதில் எக்ஸ்போஷரும் வொய்ட் பேலன்ஸும், அடுத்ததில் லட் மட்டும்.

ரிசால்வில் அந்த வரிசையை நோடுகளால், அதாவது ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு பெட்டியாக, நீங்களே கட்டுகிறீர்கள். நாய்ஸ் ரிடக்‌ஷன் ஒரு நோடு, எக்ஸ்போஷர் ஒரு நோடு, கான்ட்ராஸ்ட் ஒரு நோடு, கடைசியில் லாக்கைத் திரை நிறத்துக்கு மாற்றும் கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம். நோடுகளைத் தொடராகக் கோப்பதா, இணையாகக் கோப்பதா என்பதுதான் இங்கே கற்க வேண்டிய பாடம். தொடராகக் கோத்து, முன்னதில் காட்சி முழுவதையும் ஆரஞ்சாக்கிவிட்டு, அடுத்ததில் குவாலிஃபையர் (நிறத்தை வைத்து ஒரு பகுதியைப் பிரிக்கும் கருவி) வைத்து முகத் தோலை எடுத்தால், சுவரும் மரக்கதவும் சேர்ந்தே வந்துவிடும். பேரலல் நோடில் இரண்டும் ஒரே மூலப் படத்தைப் பார்ப்பதால் கீ (அப்படிப் பிரித்த பகுதி) சுத்தமாக நிற்கும். லேயர் மிக்ஸர் வேறு மாதிரி: அதில் கீழே இருக்கும் நோடு மேலே இருப்பதை மூடிவிடும். இது தெரியாமல் மேலே தோலைப் பிரித்துவைத்துவிட்டு ஏன் மாறவில்லை என்று தேடுபவர்கள் நிறைய.

ரிசால்வின் குரூப் வசதி முழுநீளப் படத்துக்கு மிகவும் உதவும். ப்ரீ-கிளிப், கிளிப், போஸ்ட்-கிளிப், டைம்லைன் என்று நான்கு தட்டுகள் உண்டு. ஒரு காட்சியின் 40 ஷாட்களையும் ஒரே குரூப்பில் வைத்து, லுக்கை போஸ்ட்-கிளிப்பில் கட்டுங்கள். காட்சி கொஞ்சம் சூடாக இருக்கட்டும் என்று இயக்குநர் சொன்னால் ஓரிடத்தில் மாற்றினால் போதும், 40 ஷாட்டும் மாறும். ஒரு கிளிப் ஒரு குரூப்பில்தான் இருக்க முடியும். அதனால் எஸ்-லாக்3 (சோனி), லாக்-சி (ஆரி) என்று இரண்டு கேமரா கலந்திருந்தால் குரூப்பைக் காட்சிவாரியாகவே வைத்துக்கொண்டு, அந்தந்தக் கேமராவுக்கான நிற மாற்றத்தை ஒவ்வொரு கிளிப்பின் முதல் நோடில் செய்வது நல்லது. பிரீமியரில் இதே வேலையை அட்ஜஸ்ட்மென்ட் லேயர் (பல ஷாட்களின் மேல் விரிக்கும் வெற்று அடுக்கு) வைத்துச் செய்யலாம். ஆனால் ஒரு கட் நான்கு ஃபிரேம் நகர்ந்தாலும் லேயரின் விளிம்பு அடுத்த காட்சியில் ஏறி நிற்கும்.

மூன்று நிமிட விளம்பரம், யூடியூப் நிகழ்ச்சி, ஒரே கேமராவில் எடுத்த பேட்டி என்றால் லுமெட்ரி போதும். அதற்காகக் கோப்பை ரிசால்வுக்குத் தூக்கிச் செல்வது வீண் வேலை. வெப் சீரிஸ், சினிமா என்றால் நோடு இல்லாமல் சமாளிப்பது கடினம்.

அடுத்தது கான்ஃபார்ம்: எடிட் செய்த டைம்லைனை அசல் கேமரா கோப்புகளோடு இன்னொரு மென்பொருளில் மறுபடி கட்டுவது. டைம்லைனை இடிஎல், எக்ஸ்எம்எல், ஏஏஎஃப் என்ற மூன்று வகைப் பட்டியல் கோப்புகளில் அனுப்பலாம். இடிஎல் மிகப் பழையது. சிஎம்எக்ஸ் 3600 வடிவத்தில் ஒரே வீடியோ டிராக்தான், ஸ்கேல், பொசிஷன் எதுவும் வராது. பிரீமியரிலிருந்து எக்ஸ்எம்எல், ஆவிடிலிருந்து ஏஏஎஃப் என்பதே நடைமுறை. கட், டிசால்வ், ஸ்கேல், மாறாத வேகம் ஆகியவை பெரும்பாலும் ஒழுங்காக வந்துசேரும். நடுக்கம் குறைக்கும் வார்ப் ஸ்டெபிலைசர், லுமெட்ரி, வெளி நிறுவன பிளக்-இன்கள் வராது. ஸ்பீட் ராம்ப் (ஷாட்டின் நடுவே மாறும் வேகம்) வந்தாலும் இடம் பிசகும் என்று எதிர்பார்த்தே இருங்கள்.

அனுப்புவதற்கு முன் சீக்வென்ஸை ஒரு நகல் எடுத்து அதில்தான் கைவைக்க வேண்டும். மல்டிகேமை ஃபிளாட்டன் செய்யுங்கள் (தேர்ந்தெடுத்த கேமரா மட்டும் மிஞ்சும்). நெஸ்ட்களை (ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த சீக்வென்ஸ்களை) பிரித்துப் போடுங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் இணைப்புகளை ரெண்டர் செய்த கோப்பாக மாற்றுங்கள். மேலே சிதறிக் கிடக்கும் ஷாட்களை முடிந்தவரை வி1 டிராக்குக்கு இறக்குங்கள். பிறகு டைம்கோடு (ஒவ்வொரு ஃபிரேமின் நேர எண்) பதித்த ஒரு ரெஃபரன்ஸ் வீடியோவை அதே ஃபிரேம் ரேட்டில் எடுங்கள். ரிசால்வ் பக்கத்தில் முதலில் மீடியா பூலில் அசல் கேமரா கோப்புகளை ஏற்றிவிட்டு, எக்ஸ்எம்எல்லைத் திறக்கும்போது சோர்ஸ் கிளிப்புகளைத் தானாக ஏற்றும் தேர்வை எடுத்துவிடுங்கள். எடிட்டுக்காக எடுத்த சிறிய நகலான புராக்ஸி எம்ஓவியாகவும் அசல் எம்எக்ஸ்எஃப்பாகவும் இருந்தால் கோப்பு நீட்டிப்பைக் கண்டுகொள்ளாதே என்ற தேர்வையும் போட வேண்டும். ரெஃபரன்ஸை மேல் டிராக்கில் வைத்து காம்போசிட் மோடை டிஃபரன்ஸ் ஆக்கினால், பொருந்திய ஷாட்கள் கிட்டத்தட்ட கறுப்பாகத் தெரியும், பொருந்தாதவை விளிம்பு விளிம்பாகப் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

இரண்டு இடங்களில் இது அதிகம் உடைகிறது. ஒன்று, பிரீமியரில் 'ஸ்கேல் டு ஃபிரேம் சைஸ்' பயன்படுத்துவது. அது படத்தைச் சுருக்கிவிட்டு ஸ்கேல் மதிப்பை 100 என்றே வைத்திருக்கும். எக்ஸ்எம்எல்லில் உண்மையான அளவு போகாததால் ரிசால்வில் ஃபிரேமிங் குலையும். 'செட் டு ஃபிரேம் சைஸ்' மதிப்பையே மாற்றுவதால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். இரண்டு, டைம்கோடு இல்லாத கேமராக்கள். சில டிரோன், ஆக்‌ஷன் கேமராக்களின் கோப்புகள் எல்லாம் பூஜ்யத்தில் தொடங்கும், கார்டு மாற்றினால் பெயரும் திரும்பவரும். ஒரே பெயர், ஒரே டைம்கோடு கொண்ட நான்கு கிளிப் இருந்தால் ரிசால்வ் எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். எடிட் தொடங்கும் முன்பே நாள், கார்டு எண் சேர்த்துப் பெயர் மாற்றுங்கள். தொடங்கிய பிறகு மாற்றவே மாற்றாதீர்கள்.

இந்த ஒப்படைப்பில் ஆவிட் மீடியா கம்போசரின் ஒழுக்கம் இன்னும் மதிப்புள்ளது. மூன்று பேர் ஒரே பொது சேமிப்பில் உட்கார்ந்து வெட்டும்போது, பின்னை (கிளிப்புகளை வைக்கும் கோப்புறையை) முதலில் திறந்தவருக்குப் பச்சைப் பூட்டு, மற்றவர்களுக்குச் சிவப்புப் பூட்டு. ஒருவர் வேலையை இன்னொருவர் அழித்துவிட முடியாது. பிரீமியரும் 2020இல் புரொடக்‌ஷன்ஸ் மூலம் இதற்கு நெருங்கி வந்தது. ஆவிடில் உள்ள கலர் கருவிகளை வைத்து முழுப் படத்தையும் முடிக்க நினைப்பது வீண் ஆசை, அவ்வளவே.

ஃபைனல் கட் மேக், ஐபேட் போன்ற ஆப்பிள் கருவிகளில் மட்டும் ஓடும். கிளிப்புகள் தாமே ஒட்டிக்கொள்ளும் காந்த டைம்லைன் தனியாக வேலை செய்பவருக்கு அபார வேகம் தரும், ஆனால் ஏஏஎஃப்பை நேரடியாகத் தராது என்பதால் சவுண்ட் எடிட்டருக்கு அனுப்ப இன்னொரு மென்பொருள் வாங்க வேண்டும். ஃபிலிம்லைட்டின் பேஸ்லைட் முழுக்க கிரேடிங்குக்கானது. நோடுக்குப் பதில் லேயர் அடுக்கு, அருமையான கலர் மேனேஜ்மென்ட். பெரிய டி.ஐ. கூடங்களின் கருவி அது, வீட்டு மேசைக்கு அல்ல.

ரிசால்வ் இலவசம்தானே என்று தொடங்குபவர்கள் எல்லைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். இலவசப் பதிப்பில் வெளியீடு 3840க்கு 2160, நொடிக்கு 60 ஃபிரேம் வரைதான். நாய்ஸ் ரிடக்‌ஷன் கிடையாது. விண்டோஸில் 10 பிட் 4:2:2 எச்.265 கோப்புகள் பல மீடியா ஆஃப்லைன் என்றே நிற்கும். ஸ்டுடியோ பதிப்பின் விலை 295 டாலர், ஒருமுறை கட்டினால் போதும். மாதச் சந்தா கட்டும் பிரீமியரோடு ஒப்பிட்டால் தொழில்முறையாளருக்கு இது சீக்கிரமே மிச்சமாகும். வாங்காமல் டிரான்ஸ்கோட் (கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றுவது) செய்வதானால் டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்க்யூஎக்ஸ் தேர்ந்தெடுங்கள். எச்க்யூ என்பது 8 பிட். பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் லாக் படத்தின் வானத்தில் பட்டை பட்டையாக விழுவதற்கு அது போதும். வட்டு இடத்தையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்: 24 ஃபிரேம் யூஎச்டி புரோரெஸ் 422 எச்க்யூ மணிக்குச் சுமார் 318 ஜிபி, 1080 புரோரெஸ் புராக்ஸி மணிக்குச் சுமார் 16 ஜிபி.

ஃபிரேம் ரேட்டை முதல் கிளிப்பை இழுத்துப் போடும் முன்பே முடிவு செய்யுங்கள், ரிசால்வ் அதன்பின் புராஜெக்டின் ரேட்டை மாற்றவிடாது. திரையரங்கில் ஓட்டும் டிசிபி கோப்பு 24 ஃபிரேம் என்றால் 23.976 வேண்டாம். வித்தியாசம் 0.1 சதவீதம்தான் என்றாலும் இரண்டரை மணி நேரப் படத்தில் 9 நொடி ஆகிவிடும், ஒலி அங்கே பொருந்தாது.

காமா (நடுத்தர ஒளியளவைத் தீர்மானிக்கும் வளைவு) பற்றிய குழப்பத்தோடு முடிக்கிறேன். 2.4 காமாவில் கிரேடு செய்த கோப்பை மேக்கின் குயிக்டைம் பிளேயர் ஏறத்தாழ 1.96 காமாவில் காட்டுவதால் படம் வெளுத்துத் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து கான்ட்ராஸ்ட்டை ஏற்றினால் டிவியில் நிழல்கள் அடைத்துவிடும். ஏற்றுமதி செய்த கோப்பைத் திரும்ப ரிசால்வுக்குள் கொண்டுவந்து, டைம்லைனோடு வேவ்ஃபார்மை (ஒளியளவு வரைபடத்தை) ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் கோப்பு சரி, பிளேயர்தான் பொய் சொல்கிறது. கறுப்பு 10 பிட் அளவுகோலில் 64லிருந்து மேலே ஏறியோ கீழே இறங்கியோ இருந்தால் டேட்டா லெவல் அமைப்பு தவறு. டெலிவரி பக்கத்தில் ஆட்டோவை விட்டுவிட்டு வீடியோ என்று வைத்து மறுபடி எடுங்கள்.