பேரைக் கொடுக்கச் சொன்ன தாய்

பெயர்களைப் பொலிஸ் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கேட்டது எங்கள் கோவிலின் பங்குச் சபை. 2023 டிசம்பர் 17இல் போதைப்பொருளுக்கு எதிரான ‘யுக்திய’ என்ற பொலிஸ் நடவடிக்கை இலங்கையில் தொடங்கிய பிறகு ஊரெல்லாம் அதே கதைதான். தூள் (ஹெரோயின்) அடிக்கிறவன், ஐஸ் (மெத்தம்பெட்டமைன்) விற்கிறவன் எல்லோரையும் நாமே எழுதிக் கொடுத்தால் என்ன என்று ஒருவர் ஆரம்பித்தார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அப்புறம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உளவளத்துணையாளராக வீடு வீடாகப் போய்ப் பொடியன்களோடு கதைக்கிறவன் நான், பெயர்கள் என் கொப்பியில் இருக்கின்றன.

தரமாட்டேன் என்றேன்.

ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் கோபமில்லாமல் கேட்டார்: “பாவசங்கீர்த்தனத்தில கேட்டதைச் சுவாமி சொல்லக் கூடாது, சரி. நீங்க சுவாமி இல்லையே தம்பி?”

உளவளத்துணையாளருக்கும் இரகசியம் காக்கும் கடமை உண்டு என்றேன். சரியான பதில்தான். ஆனால் முழுப் பதில் அல்ல. சுவாமியின் இரகசியத்துக்கு விலக்கே கிடையாது, எங்களுடையதற்கு உண்டு. ஒருவனுடைய உயிருக்கு ஆபத்து என்றால் நாங்கள் வாய் திறக்கத்தான் வேண்டும். தூள் அடிக்கிறவனின் உயிருக்கு ஆபத்து இல்லையா என்று மாஸ்டர் அடுத்துக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. அவர் கேட்கவில்லை. பின்வாங்கில் இருந்த ஒரு தாய் எழும்பிவிட்டார்.

“குடுத்திருங்க மனே. என்ட புள்ளட பேர முதல்ல எழுதுங்க.”

அவரை எனக்குத் தெரியும். குவைத்தில் வீட்டு வேலை செய்து அனுப்பிய காசில் கட்டிய வீடு. திரும்பி வந்தபோது காஸ் சிலிண்டர் இல்லை, பிறகு மின்விசிறி போனது, பிறகு குசினிக் கூரைத் தகரம். மகன் என்னோடு கதைப்பான். விடவேண்டும் என்றுதான் சொல்வான். சொல்லும்போது அது பொய்யும் இல்லை.

கூட்டம் முடிந்து வாசலில் நின்று அவருக்கு விளங்கப்படுத்தினேன். தன் செலவுக்காகக் கொஞ்சம் விற்கிறவனுக்கும் வியாபாரிக்கும் சட்டம் பெரிதாக வித்தியாசம் பார்ப்பதில்லை. போதைப்பொருள் சட்டத்துக்கு 2022இல் வந்த 41ஆம் இலக்கத் திருத்தத்தின்படி 5 கிராம் ஐஸ் கையில் இருந்தாலே மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை போகலாம். அன்றைக்கு அவன் யாருடைய பொதியைச் சுமந்துகொண்டு நின்றான் என்பதை யார் விசாரிக்கப் போகிறார்கள்? கந்தக்காடு புனர்வாழ்வு நிலையம் பற்றியும் சொன்னேன். 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்ததையும் நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடியதையும் சொன்னேன். சிங்களம் தெரியாத பொடியன் அங்கே தன் வருத்தத்தை யாரிடம் சொல்லுவான் என்று கேட்டேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: “மறியல்ல இரிந்தா எங்க இரிக்கான் எண்டாவது தெரியும் மனே. இப்ப ராவைக்கு அவன் எங்க கிடக்கானோ எண்டு நான் முழிச்சிக் கிடக்கன்.”

நான் பதில் சொல்லவில்லை. இன்றைக்கு அவர் அதையே சொன்னாலும் என்னிடம் பதில் இல்லை. கொப்பியை மட்டும் அப்போதும் கொடுத்திருக்க மாட்டேன். ஒரு பெயர் வெளியே போனால் மறுநாள் ஒரு பொடியனும் என்னோடு கதைக்க வரமாட்டான். 2024 ஜனவரியில் ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகமே யுக்திய பற்றிக் கவலை வெளியிட்டது. அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதல் வந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஜெனீவாவில் இருப்பவர்கள் என் பக்கம் என்ற ஆறுதல். அந்தத் தாயின் பக்கம் யார் இருந்தார்கள்?

நாங்கள் சும்மா இருக்கவில்லை. பின்னேர வகுப்பு, உதைபந்தாட்டம், அயல்வீட்டார் சேர்ந்து செபிக்கிற அன்பியக் கூட்டங்களில் தாய்மாரோடு கதைப்பது, ஆயித்தியமலை மாதா திருத்தலத்துக்கு நடந்து போவது. தவக்காலத்தில் பீடத்துக்கு முன் நின்று ‘இனித் தொடமாட்டேன்’ என்று சத்தியம் செய்விப்பதும் உண்டு. அதில் எனக்குப் பாதி நம்பிக்கைதான். தூளை விட்டவனுக்கு ஒரு நாளுக்குள்ளேயே உடம்பு முறுக்கத் தொடங்கும், இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம். சத்தியம் ஞாயிற்றுக்கிழமை செய்தால் செவ்வாய், புதன் அவனோடு யார் இருப்பது? கசிப்பு என்கிற கள்ளச்சாராயத்தில் ஊறிப்போனவன் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வந்து சாகவும் கூடும். அவனுக்குச் செபத்தோடு ஆஸ்பத்திரியும் வேண்டும். இதைச் சொன்னால் விசுவாசம் குறைவு என்கிறார்கள். போதைப்பொருள் ஆலோசனைக்கான 1927 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கேட்பதும் விசுவாசக் குறைவு என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். அந்தத் தாய் தானே பொலிஸுக்குப் போனார். மகனிடம் பிடிபட்டது கொஞ்சம்தான். விளக்கமறியல், வழக்கு, பிறகு போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சைக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயச் சிகிச்சை. திரும்பி வந்தான். உடம்பு தேறியிருந்தது. இந்த நிலையில் பழைய அளவை ஒரு தரம் எடுத்தாலும் உயிர் போகும், உடம்புக்குப் பழைய தாங்குசக்தி இல்லை என்று தாயிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பொடியன் இப்போது ஒரு கராஜில் வேலை செய்கிறான். பூசைக்கும் வருகிறான்.

அவன் நன்றாக இருப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோசம்தான். அதோடு ஒரு எரிச்சலும் வருகிறது. அந்த எரிச்சல் எதன் மேல் என்று பிடிபடவில்லை. அதே ஒழுங்கையில் இன்னொருவனையும் அந்த நாட்களில்தான் பிடித்தார்கள். போகும்போது கஞ்சா மட்டும் பழக்கம். வரும்போது ஐஸும் தெரியும், அதை எடுத்துக்கொடுக்கிற ஆட்களையும் தெரியும். பட்டியல் வேண்டும் என்கிறவர்கள் முதலாமவனைக் காட்டுகிறார்கள். நான் இரண்டாமவனைக் காட்டுகிறேன். ஆளுக்கு ஒரு பொடியனை வைத்துக்கொண்டு எத்தனை காலம் வாதாடுவது?

இந்தத் தவக்காலத் தியானத்தில் அந்தத் தாய் சாட்சியம் சொல்லப் போகிறார். எழுதித் தரச் சொல்லி என்னிடம்தான் வந்தார். “நீங்க தரமாட்டன் எண்டதையும் எழுதுங்க மனே” என்றார். எழுதிவிட்டேன். இரண்டாமவனின் தாயும் அன்றைக்குக் கோவிலில் இருப்பார். அதை இவரிடம் சொல்வதா வேண்டாமா என்பதை இன்னும் தீர்மானிக்கவில்லை.