ஒப்புதல் படிவத்தில் இல்லாத பதில்

அன்று நான் சொன்ன பதில் தவறானது என்று இன்றும் கருதவில்லை. ஆயினும் அதைத் திரும்பத் திரும்ப மனத்துக்குள் சொல்லிப் பார்க்கிறேன். ஆட்டிசம் ஆய்வுக்கு நிதி திரட்டும் ஒரு தொண்டு நிறுவனத்தின் மரபணு ஆய்வில், உமிழ்நீர் மாதிரி தர முன்வருவோருக்கு ஒப்புதல் படிவத்தை விளக்குவது என் வேலை. ஆட்டிசம் உள்ள ஒரு பெண்மணி நடுவே என்னை நிறுத்தி, "இந்த மாதிரிகளைக் கொண்டு, கருவிலேயே ஆட்டிசத்தைக் கண்டறியும் பரிசோதனை ஒருநாள் வருமா?" என்று கேட்டார். இந்த ஆய்வின் நோக்கம் அது அல்ல என்றேன். "நோக்கத்தை நான் கேட்கவில்லையே. வருமா என்றுதான் கேட்டேன்" என்றார்.

நான் சொன்னது உண்மை; நெறிமுறைக் குழு ஏற்றுக்கொண்ட ஆவணத்தில் உள்ளதும் அதுவே. அறிவியலும் என் பக்கம் இருந்தது. பெரும்பாலோரிடம் ஆட்டிசம் ஒரே மரபணுவால் வருவதன்று. தனித்தனியே மிகச் சிறிய தாக்கமே உடைய எண்ணற்ற மாறுபாடுகள் சேர்ந்து உருவாக்கும் சாய்வு அது, ஆகவே கருவில் பார்த்து உறுதியாகச் சொல்ல இன்று வழியில்லை என்பதையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, மாதிரி எத்தனை ஆண்டுகள் பாதுகாக்கப்படும் என்றார். படிவத்தில் கால வரம்பு இல்லை. தகுதியுள்ள பிற ஆய்வாளர்களுடன் தரவு பகிரப்படலாம் என்றும், விலகுபவரின் மாதிரி அழிக்கப்பட்டாலும் அதுவரை பகிரப்பட்டதைத் திரும்பப் பெற இயலாது என்றும் இருந்தது. அவ்வரிகளை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டியிருந்தேன்.

அவருடைய ஐயம் வெறுமனே எழுந்ததன்று. 2005-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட 'ஆட்டிசம் ஸ்பீக்ஸ்' என்ற தொண்டு அமைப்பு, ஆட்டிசத்தைக் குணப்படுத்துவதையே இலக்காகக் கொண்டு வளர்ந்தது. ஆட்டிசமே கொடியவனைப் போலப் பேசிக் குடும்பங்களை மிரட்டும் காணொளி ஒன்றை 2009-இல் வெளியிட்டு, ஆட்டிசம் உள்ளோரின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அதன் அறிவியல் குழுவில் இருந்தவரும் தாமே ஆட்டிசம் உள்ளவருமான ஜான் எல்டர் ராபிசன் 2013-இல் விலகினார். 2016-இல் குணப்படுத்துதல் என்ற இலக்கு அதன் குறிக்கோள் அறிக்கையிலிருந்து நீக்கப்பட்டது. (அறிக்கை மாறிவிட்டால் ஆய்வுக்கூடத்தில் நடப்பதும் மாறிவிடும் என்று நம்புவது எங்கள் துறையினரின் பழைய வழக்கம்.) பிரிட்டனில் 10,000 பேரின் மரபணுத் தரவைத் திரட்ட 2021 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட 'ஸ்பெக்ட்ரம் 10கே' ஆய்வு, ஏறத்தாழ இதே கேள்வியை எதிர்கொண்டு அடுத்த மாதமே நிறுத்திவைக்கப்பட்டது. குணப்படுத்துவதோ கருவில் கண்டறிவதோ தங்கள் நோக்கம் அல்ல என்று அவர்களும் சொன்னார்கள். பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. நானும் பொய் சொல்லவில்லை.

ஆனால் நோக்கத்துக்கு எவ்வளவு வலு உண்டு என்று எண்ணும்போது ஜெரோம் லெஜூன் நினைவுக்கு வருகிறார். டவுன் நோய்க்குறிக்குக் காரணம் கூடுதலாக உள்ள ஒரு 21-ஆம் குரோமோசோம் என்பதை 1959-இல் வெளியிட்ட குழுவில் ஒருவர் அவர். அவர் விரும்பியது சிகிச்சை. கருக்கலைப்பைத் தம் இறுதிவரை எதிர்த்தார். அந்தக் கண்டுபிடிப்பின் வழியே பரவியதோ கருவில் கண்டறியும் பரிசோதனை. சிகிச்சையை விடப் பரிசோதனை எளிது. எளிதானது முதலில் வந்து சேர்ந்தது. இதை அறிந்திருந்தும் அந்தப் பெண்மணியிடம் நான் சொல்லவில்லை. சொல்வது என் பணி அல்ல என்பது ஒரு காரணம். அது போதுமான காரணமா என்று தெரியவில்லை.

அந்தப் பதில் என்னை உறுத்துவதற்கு இன்னொருவரும் காரணம். பேச்சே வராத, தன் தலையைத் தானே அடித்துக்கொள்கிற, இரவில் வலிப்பு வருகிற ஒரு பையனின் தாய் அவர். படிவத்தை முழுதும் கேட்கக்கூட அவருக்குப் பொறுமையில்லை, கையெழுத்திட்டுவிட்டு, "மருந்து எப்போது வரும்?" என்றார். அவரிடமும் நான் சொன்னது அதே வாக்கியம்தான்: இந்த ஆய்வின் நோக்கம் அது அல்ல. குணப்படுத்திவிடுவார்களோ என்று அஞ்சியவரையும், குணப்படுத்துவார்கள் என்று காத்திருப்பவரையும் ஒரே வாக்கியத்தால் சமாளித்திருக்கிறேன். 2013 முதல் இருவரையும் ஒரே நோயறிதலின் கீழ் வைத்திருக்கும் மருத்துவக் கையேட்டைக் குறை சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் வாக்கியம் என்னுடையது. அமெரிக்காவில் ஆட்டிசத்தை ஒட்டி அனுமதி பெற்ற ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் ஆகிய இரு மருந்துகளும் எரிச்சலையும் ஆவேசத்தையும் தணிப்பவை மட்டுமே. பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட பியூமெடனைடு என்ற மருந்தின் பெரிய சோதனைகளும் பலன் காணாமல் 2021-இல் நின்றுபோயின. அந்தத் தாயிடம் இவற்றையும் நான் சொல்லவில்லை.

வலிப்புக்கு வழி தேடுங்கள், ஆட்டிசத்தை விட்டுவிடுங்கள் என்று சக ஊழியர்கள் சொல்வதுண்டு. பெருமளவு எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆனால் எஸ்சிஎன்2ஏ போன்ற மரபணுக்களின் மாறுபாடுகள் வலிப்போடும் தொடர்புடையவை, ஆட்டிசத்தோடும் தொடர்புடையவை. ஒன்றைத் தேடுபவரின் கையில் மற்றொன்றும் வந்து சேரும். அந்தப் பையனுக்காக இந்த ஆய்வு நடக்க வேண்டும் என்றுதான் விரும்புகிறேன். அந்தப் பெண்மணியின் கேள்வி முன் அந்த விருப்பத்தைச் சொல்லி நிற்க முடியுமா என்று கேட்டால், சில நாள் முடியும் என்று தோன்றுகிறது, சில நாள் இல்லை.

அந்தப் பெண்மணி கையெழுத்திடாமல் எழுந்து போயிருந்தால் எனக்கு இவ்வளவு குழப்பம் இருந்திராது. "நாங்கள் எல்லோரும் மறுத்துவிட்டால், எங்கள் தரவு இல்லாமலே எங்களைப் பற்றி முடிவெடுப்பீர்கள்" என்று சொல்லிக் கையெழுத்திட்டார். எதிர்காலப் பயன்பாட்டை எங்களால் முழுமையாகக் கட்டுப்படுத்த இயலாது என்ற வரியைப் படிவத்தில் சேர்க்கலாம் என்று பிறகு எழுதிக் கொடுத்தேன். அது முன்வருவோரை விரட்டிவிடும் என்றார் என் மேலாளர். விரட்டலாம்தான், அந்தத் தாய் போன்றோரின் காத்திருப்பு அதனால் நீளவும் செய்யலாம். வரி இன்னும் குழுவின் பரிசீலனையில் இருக்கிறது. அதுவரை, கேட்பவர்களிடம் வாய்மொழியாக அதைச் சொல்கிறேன், கேட்காதவர்களிடம் சொல்வதில்லை.