ஸ்கேன் டிஸ்க்கைத் திறந்து பார்க்காமல் கிளம்பாதீர்கள்: அப்பாவின் ஒய்-90 சிகிச்சை

அப்பாவின் ஈரல் புற்றுக்கட்டிக்கு ஒய்-90 என்ற கதிர்மணிச் சிகிச்சை முடிந்து நாலு மாதம் ஆகிறது. சிகிச்சை நடந்தது ஒன்றரை மணி நேரம். அதற்கு முன்னால் காகிதத்துக்காக அலைந்தது ஐந்து வாரம். அந்த ஐந்து வாரத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறை பக்கம். ரேஷன் கார்டு கேரளா, வீட்டில் பேச்சு தமிழ், பெரிய வைத்தியம் என்றால் கோயம்புத்தூர். ஈரலில் கட்டி என்றதுமே ஊரில் எல்லோரும் கள்ளைப் பற்றித்தான் கேட்டார்கள். அப்பா ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை. ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் பல வருடமாக உள்ளேயே இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் ஒருவருக்கு அது இருந்தால் தயவுசெய்து எல்லோரும் ரத்தம் பாருங்கள். இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி இருக்கிறது.

குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் வெயினின் ஒரு கிளைக்குள்ளும் கட்டி இறங்கியிருந்தது. அதனால் ஆபரேஷன் இல்லை, ஒய்-90 பார்க்கலாம் என்றார் டாக்டர். நல்ல ஈரலுக்கு முக்கால்வாசி ரத்தம் போர்ட்டல் வெயின் வழியாக வருகிறது. கட்டியோ பெரும்பாலும் தமனியிலிருந்து உறிஞ்சுகிறது. அந்தத் தமனிக்குள் மெல்லிய குழாய் விட்டு, கதிர் வீசும் இட்ரியம்-90 (அதுதான் ஒய்-90) ஏற்றிய நுண்மணிகளை அனுப்புகிறார்கள். கதிர் சராசரியாக இரண்டரை மில்லிமீட்டர்தான் பாயும், அதனால் நல்ல ஈரல் பெருமளவு தப்பிக்கிறது. இதை டாக்டர் படம் வரைந்து காட்டியபோது எனக்கு உயிர் வந்தது.

அலைச்சல் அதற்கப்புறம்தான். பாலக்காட்டில் எடுத்த சி.டி. ஸ்கேனின் ஃபிலிமும் ரிப்போர்ட்டும் எடுத்துக்கொண்டு, விடியற்காலையில் அப்பாவைப் பட்டினியாகக் கூட்டிக்கொண்டு வேலந்தாவளம் வழியாகப் போனேன். "ஃபிலிமை வெச்சு ஒண்ணும் அளக்க முடியாதுங்க மேடம், டிஸ்க் வேணும்" என்றார்கள். ஈரல் எவ்வளவு, கட்டி எவ்வளவு என்று கம்ப்யூட்டரில் அளந்துதான் மருந்தின் அளவைக் கணக்குப் போடுவார்களாம். முன்கூட்டியே போனில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை.

மறுநாள் ஸ்கேன் சென்டருக்குப் போனால், கவுண்டரில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் "ரிப்போர்ட் தந்நதல்லே?" என்று கேட்டார். மூன்று நாள் கழித்து ஒரு டிஸ்க் கிடைத்தது. அதை வாங்கிக்கொண்டு மறுபடி கோயம்புத்தூர். போட்டுப் பார்த்தால், மருந்து ஏற்றி மூன்று கட்டமாக எடுத்த ஸ்கேனில் ஒரு கட்டம்தான் இருந்தது. இரண்டாவது நடையும் வீண். அன்று பஸ்ஸில் அப்பா, "விடு கண்ணு, போனது பஸ்காசுதானே" என்றார். அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அடுத்தது பெயர். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீடு அங்கே ரேஷன் கார்டு உள்ளவர்களுக்குத்தான், நமக்கு இல்லை. தம்பி வேலை செய்யும் கம்பெனியின் இன்சூரன்ஸ் இருந்தது. அதில் அப்பா பெயர் இனிஷியலோடு இருக்கிறது. ஆதாரிலும் ஸ்கேனிலும் வீட்டுப்பேரோடு இருக்கிறது. இரண்டும் ஒரே ஆள்தானா என்று இன்சூரன்ஸ் டெஸ்க்கில் நிறுத்திவிட்டார்கள். எல்லையில் இருக்கிற நம் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் வரும். இதற்குக் கேரளத்தில் வில்லேஜ் ஆபீஸ் தருகிற 'ஒன் அண்ட் சேம்' சர்ட்டிபிகேட் போதும், அங்கத்து இ-சேவை மையமான அக்ஷயா சென்டரில் விண்ணப்பிக்கலாம். நோய் தெரிந்த அன்றே போட்டுவிடுங்கள்.

சிகிச்சைக்கு முன் தமனிகளைப் படமெடுக்கும் ஒத்திகை ஆஞ்சியோவும், நிஜ மணிகளுக்குப் பதில் வேறு துகள்களை அனுப்பிப் பார்க்கும் எம்.ஏ.ஏ. ஸ்கேனும் சிக்கலில்லாமல் முடிந்தன. மணிகள் நுரையீரலுக்கு எவ்வளவு கசியும் என்று அதில்தான் பார்க்கிறார்கள். எங்களுக்குக் குறைவு. மணிகள் அங்கே போய்விடாமல் இருக்க, இரைப்பைக்குப் போகும் ஒரு கிளையைச் சுருள் வைத்து அடைத்தார்கள்.

இனி மருந்துக்கு ஆர்டர். இட்ரியம்-90 அறுபத்து நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். வெளிநாட்டிலிருந்து, இன்ன நாளுக்கு, இன்ன ஆளுக்கு என்று கணக்குப் போட்டு வருகிறது. வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. அந்த வாரத்து ஆர்டர் மூடுகிற நாளில், நான் நேரில் கொடுத்திருந்த சர்ட்டிபிகேட் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் ஒரு ட்ரேயில் அப்படியே கிடந்தது. "நாளைக்கு அனுப்பறோம்" என்றார் அந்தப் பெண். நாளைக்கு என்றால் ஒரு வாரம் தள்ளிப்போகும். ஈரல் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் பார்க்கும் பிலிரூபின் அளவு அப்பாவுக்கு 1.4-லிருந்து 1.7-க்கு ஏறியிருந்தது. 2-ஐத் தாண்டினால் இந்தச் சிகிச்சைக்கு யோசிப்பார்கள். இதை அவரிடம் சொன்னேன். குரல் உயர்த்தவில்லை, ஆனால் அந்தக் காகிதம் ஸ்கேனருக்குள் போகும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவும் இல்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு அப்ரூவல் வந்தது. வராந்தாவில் நின்று அழுதேன்.

சிகிச்சை நாளன்று நான் பார்த்தது ஒன்றுதான். எல்லாம் முடிந்து அப்பாவை வெளியே கொண்டுவந்ததும், உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவரும் கால் தூக்கிக் காட்ட, ஒரு பையன் கையில் கதிரை அளக்கும் மீட்டரை வைத்து, ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று செருப்பின் அடியைச் சோதித்துக்கொண்டிருந்தான். அவ்வளவு கவனமாகச் செய்கிறார்கள் என்று மனசுக்குத் தெம்பாக இருந்தது.

திரும்பும்போது பஸ் வேண்டாம், கார் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் ஒட்டி உட்காரக் கூடாது என்றார்கள். என் மகளுக்கு மூன்று வயது. தாத்தா திண்ணையிலும் அவள் வாசற்படியிலுமாக ஏழு நாள் பேசிக்கொண்டார்கள். அசதி மட்டும் மூன்று வாரம் இருந்தது, சோறு இறங்கவில்லை, கஞ்சிதான். பயந்துவிடாதீர்கள், அது வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

மூன்று மாத ஸ்கேன் போன மாதம் அதே பாலக்காட்டு சென்டரில்தான் எடுத்தோம். டிஸ்க்கை அவர்கள் கம்ப்யூட்டரிலேயே போடச் சொல்லி, மூன்று கட்டமும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து, இரண்டு காப்பி வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன். கோயம்புத்தூரில் டாக்டர் அதைத் திறந்து, கட்டியின் நடுவில் கறுத்துக் கிடந்த பகுதியைப் பென்சிலால் காட்டினார். "இது செத்த பகுதிம்மா" என்றார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார்.