பெங்களூரில் மூடிய பாட்டில் சோதனை: முதலில் ஆக்சிஜன் கணக்கு

ஒரு ரசாயனத்தை நுண்ணுயிர்கள் 28 நாளில் எவ்வளவு சிதைக்கின்றன என்பதை, மூடிய பாட்டிலில் குறையும் ஆக்சிஜனை வைத்து அளப்பதுதான் இந்தச் சோதனை. அதற்கான ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) 301டி வழிகாட்டியில், நன்றாகக் காற்றேற்றிய நீரில் 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மி.கி. ஆக்சிஜன் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. அது கடல்மட்டத்துக் கணக்கு. பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே 22 டிகிரியில் எவ்வளவு நேரம் காற்றடித்தாலும் அளவு 7.8 பக்கத்திலேயே நின்றுவிடும். ஆக்சிஜன் அளக்கும் மீட்டர் மேல் சந்தேகப்பட வேண்டாம். காலிபரேஷனில் உள்ளூர்க் காற்றழுத்தத்தைக் கொடுத்தால் போதும்.

இந்த 1.2 மி.கி. குறைவு சின்ன விஷயமில்லை. 28 நாளும் எந்த டெஸ்ட் பாட்டிலிலும் ஆக்சிஜன் 0.5-க்குக் கீழே போகக்கூடாது, பிளாங்க் (ரசாயனம் போடாமல் நுண்ணுயிர் மட்டும் சேர்த்த பாட்டில்) 1.5 வரை தின்னலாம். மிஞ்சுவது 5.8. ஒரு மி.கி. முழுதாகச் சிதைய 2 மி.கி. ஆக்சிஜன் கேட்கும் பொருளை லிட்டருக்கு 2 மி.கி. போட்டால் 4 போய்விடும். அதனால் 2 மி.கி.யிலேயே நில்லுங்கள். ரசாயனம் நுண்ணுயிர்களைக் கெடுக்கிறதா என்று பார்க்கும் நச்சுத்தன்மை பாட்டிலில் இதனுடன், எளிதில் சிதையும் சோடியம் பென்சோயேட்டும் 2 மி.கி. சேரும். அதற்கு 3.3 வேண்டும், மொத்தம் 7.3. கடைசிவரை தாங்காது. ஆனால் அங்கே பார்க்க வேண்டியது 14-ஆம் நாளுக்குள் 25% சிதைவு, அதாவது 1.8 மி.கி. இறக்கம் மட்டும்தான். 7, 14-ஆம் நாள் பாட்டில்களே போதும்.

நுண்ணுயிர்களுக்கு வீட்டுக் கழிவுநீர் மட்டும் வரும் அபார்ட்மென்ட் எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) நல்லது. பீன்யா மாதிரி தொழிற்பேட்டைத் தண்ணீர் கலக்கும் இடம் வேண்டாம். அந்தக் கிருமிகள் உங்கள் ரசாயனத்துக்கு ஏற்கெனவே பழகியிருக்கலாம். கிளாரிஃபையர் (கசடு படியும் தொட்டி) வழிந்து வெளியேறும் இடத்தில், குளோரின் சேர்வதற்கு முன்பே பிடியுங்கள். பிளான்ட் ஆபரேட்டரிடம் கேட்டு, குளோரின் டோசிங் குழாய் எங்கே இறங்குகிறது என்று கண்ணால் பார்த்துவிடுவது உத்தமம். கரடுமுரடான வடிதாளில் வடிகட்டி முதல் 200 மி.லி.யைக் கொட்டிவிட்டு, அன்றைக்கே பயன்படுத்துங்கள். லிட்டருக்கு 5 மி.லி. தாண்டக்கூடாது.

பிளாங்க் 1.5-ஐத் தாண்டினால் எல்லோரும் முதலில் நீரைத்தான் குறை சொல்வார்கள். நீரைச் சுத்திகரிக்கும் புது ரெசினிலிருந்து கரிமம் கசிவது உண்மைதான். ஆனால் அம்மோனியம் குளோரைடையும் பாருங்கள். மீடியத்தில் (பாட்டிலில் நிரப்பும் உப்புக் கரைசலில்) லிட்டருக்கு 0.5 மி.கி. இருக்கிறது, அதிலுள்ள நைட்ரஜன் 0.13 மி.கி. அது முழுதும் நைட்ரேட் ஆனால் 0.6 மி.கி. ஆக்சிஜன் காலி! அதை விட்டுவிடும் லேப்கள் உண்டு. விட்டால் அறிக்கையில் விலகலாகக் குறிப்பிட வேண்டும்.

பாட்டிலில் குழாயை அடிவரை விட்டு மெதுவாக நிரப்பி, விரலால் தட்டிக் குமிழ்களை ஏற்றிவிட்டு, தண்ணீர் வழிய வழிய மூடியைச் செருகுங்கள். பிறகு இருட்டில், 22 டிகிரியில். கரன்ட் போய் இன்குபேட்டர் சூடேறினால் கழுத்தில் குமிழ் திரளும். அப்படிப்பட்ட பாட்டிலின் எண்ணைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

28-ஆம் நாள் பிளாங்க் 6.9, டெஸ்ட் 4.2 என்றால் வித்தியாசம் 2.7, முழுச் சிதைவுக்கு வேண்டிய நான்கால் வகுத்தால் 67.5%. தேர்ச்சிக்கு 60% போதும், ஆனால் 10% தொட்ட நாளிலிருந்து பத்து நாளுக்குள் அதை எட்ட வேண்டும். வாரம் ஒருமுறைதான் பாட்டில் திறப்பதால் இந்த முறையில் 14 நாள் இடைவெளியையும் ஏற்கிறார்கள். 60% வராவிட்டால் பொருள் சிதையவே சிதையாது என்று எழுதிவிடாதீர்கள். அதைப் பார்க்க 302பி என்ற வேறு ஓ.இ.சி.டி. சோதனை இருக்கிறது.