பத்து மில்லிவாட்டில் ஈப்போ வரை

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் குடியிருந்துகொண்டு, உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானலையில் பேசும் ஹாம் வானொலியில் ஈடுபடுவது எளிதன்று. ஈசூனில் பதினோராம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுச் சன்னலுக்கு வெளியே துணி காயவைக்கும் கழிகளுக்குத்தான் இடமுண்டு. நாற்பது மீட்டர் அலைவரிசைக்காக இருபது மீட்டர் நீள ஆண்டெனாக் கம்பியை அங்கே எப்படிக் கட்டுவது? ஆகவே மூன்றாண்டுகளாக என் உரையாடல் பெரும்பாலும் டி.எம்.ஆர். என்னும் எண்முறைக் குரல்வழியில்தான் நடக்கிறது.

கையில் ஒரு வாக்கி டாக்கி, மேசையில் அதை இணையத்தோடு இணைக்கும் ஒரு ஹாட்ஸ்பாட், அவ்வளவே தேவை. ராஸ்பெர்ரி பை ஜீரோ என்னும் குட்டிக் கணினியின்மேல் எம்.எம்.டி.வி.எம். என்னும் வானொலி மோடம் பலகை பொருத்திய அந்தச் சிறு பெட்டியின் திறன் ஏறக்குறைய 10 மில்லிவாட். வீட்டுக்குள் எட்டினால் போதும். வாக்கி டாக்கி என் குரலை வினாடிக்கு 3600 பிட்டுகளாகச் சுருக்குகிறது, அதிலும் 2450 மட்டுமே குரல், மீதி பிழைதிருத்தத்துக்குப் போய்விடும். ஹாட்ஸ்பாட் அதை இணையத்தில் ஏற்றி பிராண்ட்மைஸ்டர் வலையமைப்புக்கு அனுப்ப, அதே டாக் குரூப்பை (எண்ணிட்ட பேச்சுக் குழுவை) திறந்து வைத்திருக்கும் ரிப்பீட்டர்களிலும் (வாங்கி மறு ஒலிபரப்பும் நிலையங்களிலும்) ஹாட்ஸ்பாட்டுகளிலும் அது ஒலிக்கிறது. சிங்கப்பூர் டாக் குரூப்பின் எண் 525, மலேசியாவுடையது 502. கைத்தொலைபேசிக் கட்டமைப்புகளுக்கு வழங்கும் நாட்டு எண்கள்தாம் இவை.

தொடக்கத்தில் என் குரல் உடைந்து உடைந்து போனது. “தம்பி, தண்ணிக்குள்ளேருந்து பேசுற மாதிரி இருக்கு” என்றார் ஈப்போ அண்ணன் ஒருவர். நான் வைஃபையைச் சந்தேகித்து ரவுட்டரையே மாற்றினேன், வீண் செலவு. பலகையில் அலையெண்ணை நிர்ணயிக்கும் படிகம் சில நூறு ஹெர்ட்ஸ் விலகியிருந்ததே காரணம். ஹாட்ஸ்பாட்டை இயக்கும் பை-ஸ்டார் மென்பொருளின் திரையில் பிட் பிழை 4 விழுக்காடு என்று காட்டிக்கொண்டே இருந்ததை நான்தான் கவனிக்கவில்லை. அலையெண்ணை ஐம்பது ஐம்பது ஹெர்ட்ஸாக நகர்த்தி 0.3க்குக் கொண்டுவந்த பிறகே அண்ணன் “இப்பத்தான் மனுசக் குரல்” என்றார்.

இணையத்தில் போவதை வானொலி என்று சொல்லலாமா என மூத்த ஹாம்கள் கேட்பதில் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு, ஏனெனில் அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்பி வரும் மெல்லிய சமிக்ஞையைப் பிடிக்கும் பரவசம் இதில் இல்லை. ஆனால் ஒருவர் பேசி முடித்ததும் இரண்டு வினாடி விட்டுப் பொத்தானை அழுத்தும் ஒழுக்கம் இங்கே இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. வலையமைப்பின் தாமதத்தால், அந்த இடைவெளி இல்லாவிட்டால் புதிதாக நுழைபவரின் அழைப்புக்குறி (ஒவ்வொரு ஹாமுக்கும் உரிய அடையாளக் குறி) யார் காதிலும் விழாது.

சென்ற ஞாயிறு அப்படி விட்ட இடைவெளியில்தான் ஒரு புதுக்குரல் தயங்கித் தயங்கித் தன் அழைப்புக்குறியைச் சொன்னது. எங்கிருந்து என்று கேட்டால், ஜொகூர் பாருவாம்! நீரிணைக்கு அந்தப் பக்கம் இருப்பவரோடு எங்கோ ஒரு சர்வரைச் சுற்றிக்கொண்டு பேசியிருக்கிறேன். இருவரும் 145 மெகாஹெர்ட்ஸில் நேரடி அலைவரிசைக்கு மாறினோம். வடக்குச் சன்னலருகே நின்று ஐந்து வாட்டில் அழைத்தேன். இரைச்சலுக்கிடையே “கேக்குது அண்ணே, கேக்குது” என்றார்.