நாங்களா, நாமா

பிப்ரவரி 2, 2025

குடியை நிறுத்தி இன்றோடு ஐந்து மாதம். சேலம் நாலு ரோடு பக்கம் ஒரு சர்ச் ஹாலில் ஞாயிறு சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். குடியை விட நினைப்பவர்களின் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் அது, 1939இல் அமெரிக்காவில் புத்தகமாக வந்த அதன் பன்னிரண்டு படிகளைத்தான் அங்கே வாசிப்பது. அச்சிட்ட தமிழ் இருக்கிறது, ஆனாலும் எனக்காக ஒருமுறை நானே தமிழில் எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். இருபது வருடம் கட்சித் துண்டறிக்கைகளை மொழிபெயர்த்தவன், முதல் சொல்லிலேயே நின்றுவிட்டேன். 'வீ' என்று தொடங்குகிறது. நாங்களா, நாமா? ஆங்கிலத்துக்கு அந்தக் கவலையே இல்லை. துண்டறிக்கைப் பழக்கத்தில் நாம் என்று போட்டேன், படிப்பவரையும் சேர்த்து அணைத்துக்கொள்ளும் சொல் அது.

பிப்ரவரி 5

'பவர்லெஸ்' மூன்று நாளாக நகரவில்லை. எனக்குப் பவர் என்றால் அதிகாரம். கொலுசுப் பட்டறைத் தொழிலாளிகளிடம் அதிகாரத்தைக் கையில் எடுங்கள் என்று பேசியே நரைத்தவன், நான் அதிகாரமற்றவன் என்று எப்படி எழுதுவேன்? கையாலாகாதவன் என்றால் வசவு. இரவு அண்ணனுக்கு போன் செய்தேன் (கூட்டத்தில் எனக்கு மூத்தவர், பதினாறு வருடமாகக் குடிக்காமல் இருப்பவர், பெயர் சொல்வது அங்கே வழக்கமில்லை). "தம்பி, பாட்டில் முன்னால உங்க பலம் எடுபட்டுச்சா இல்லீங்களா? அதை எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன்: குடியின் முன்னால் நம் பலம் எடுபடவில்லை.

1937இல் மதுவிலக்கு முதலில் வந்தது இந்தச் சேலம் மாவட்டத்தில், 2003லிருந்து சாராயக் கடையை நடத்துவதே அரசு. இதையெல்லாம் மேடையில் பேசியிருக்கிறேன், அதில் ஒரு சொல்லையும் இன்றும் மாற்ற மாட்டேன். ஆனால் பேசி இறங்கியதும் நேராக அந்தக் கடைக்குத்தான் போனேன், அதையும் எழுதியாக வேண்டும்.

பிப்ரவரி 11

சிறைத் தியாகிகள் தினம். 1950இல் இதே தேதியில் சேலம் மத்தியச் சிறையில் சுட்டுக் கொல்லப்பட்ட 22 கம்யூனிஸ்ட் கைதிகள், பெரும்பாலோர் மலபார் விவசாயிகள். போன வருடம் இந்த அஞ்சலிக்குப் போதையில் வந்தேன். இன்று தெளிவாக நின்றேன். போதை தெளிந்தாலும் புத்தி தெளிந்தாலும் தமிழில் ஒரே சொல்தான். அந்த ஒரு நிமிட மௌனத்தில் எனக்கு ஏதோ நடந்தது. இரண்டாம் படியில் 'நம்மைவிடப் பெரிய சக்தி' என்று எழுதிவைத்திருந்தேன், சக்தி என்றால் அம்மன் வந்து நிற்கிறாள், அப்பாவோ கறுப்புச் சட்டைக்காரர், 1944 சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய கதையைத் தாலாட்டாகக் கேட்டவன் நான். வீட்டுக்கு வந்து சக்தியை அடித்துவிட்டு 'நம்மைவிடப் பெரிய ஒன்று' என்று மாற்றினேன். அந்த ஒன்றின் முன்னால் காலையில் நின்றுவிட்டுத்தான் வந்தேன், அதனால் எழுதக் கை நடுங்கவில்லை.

பிப்ரவரி 19

நாலாம் படி, தன்னைத் தானே பயமில்லாமல் கணக்கெடுப்பது. சுயவிமர்சனம் என்று போட்டுப் பார்த்தேன், உடனே பழைய கமிட்டிக் கூட்டங்கள் ஞாபகம் வந்தன. அங்கே எத்தனை முறை எழுந்து நின்று என் தவறான நிலைப்பாடுகளை ஒப்புக்கொண்டிருக்கிறேன்! அக்காவின் சீட்டுப் பணம் நாற்பதாயிரத்தை எடுத்துக் குடித்ததை ஒருமுறைகூடச் சொன்னதில்லை, அது அரசியல் இல்லை என்று நினைத்தேன். இருப்புக் கணக்கு என்று மாற்றினேன். அப்புறம் இரவெல்லாம் அந்தக் கணக்குத்தான்.

மார்ச் 2

ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவிலும் வயிறு புரட்டியது, பயத்தில். நம்மால் நொந்தவர்களுக்குச் சரிக்கட்டச் சொல்லும் ஒன்பதாம் படிக்குப் பரிகாரம் என்று எழுதியிருந்தேன். பரிகாரம் கோயிலோடு முடிந்துவிடும், அக்காவுக்கு என்ன கிடைக்கும்? நஷ்டஈடு கேட்டு எத்தனை முதலாளி வாசலில் உட்கார்ந்திருக்கிறேன், அந்த 'ஈடு' போதும் என்று பஸ்ஸில்தான் தோன்றியது.

முதல் தவணை ஐயாயிரத்தை அக்கா எண்ணிப் பார்த்து டப்பாவில் வைத்தாள். சேர்வராயன் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். குகைக்குள் குனிந்து போய் அவள் கும்பிட்டாள், நான் பக்கத்தில் சும்மா நின்றேன், தர்க்கம் பேசத் தோன்றவில்லை. திரும்பி வந்து சில்வர் ஓக் நிழலில் உட்கார்ந்து முதல் படியை வாசித்துக் காட்டினேன்.

"நாமன்னு ஏண்டா போட்ட? நான் எப்போ குடிச்சேன்? நீங்க குடிச்சீங்க, நாங்க பார்த்துட்டு இருந்தோம்."

பேனாவை எடுத்து அங்கேயே நாங்கள் என்று திருத்தினேன். நம் பலம், எங்கள் பலம் ஆயிற்று. மற்ற பதினொரு படிகளையும் இனிமேல்தான் பார்க்க வேண்டும்.